மலை அரசு ஏறு, புரட்சி இறங்கு

முப்பத்திரண்டு மார்க் வாங்கியதை ஒரு மனுஷி இருபத்தைந்து வருஷம் மறக்காமல் இருப்பாளா? இருப்பாள். விசிலக்காவைக் கேளுங்கள். பதினாறு வயதில் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் எல்லாப் பாடமும் பாஸ், வரலாறு மட்டும் முப்பத்திரண்டு. முப்பத்தைந்து எடுத்திருந்தால் பாஸ். அந்த மூன்று மார்க் செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி அவளோடேயே நடந்து வந்தது. கல்யாணத்துக்கு வந்தது, பிரசவத்துக்கு வந்தது, எட்டாவது படித்திருந்தால் போதும் என்று பஸ் கண்டக்டர் வேலை கொடுத்தார்களே, அந்த வேலைக்கும் கூடவே வந்தது.

கண்டக்டர் வேலையில் சேர்ந்து பத்தொன்பது வருஷம். ஒரே ரூட், பதினேழு ஸ்டாப். டெப்போவில் ஆரம்பித்துப் பள்ளிக்கூட வாசலில் முடியும். வேடிக்கையைப் பாருங்கள், அந்தப் பள்ளிக்கூடம்தான் அவளைப் பெயிலாக்கின பள்ளிக்கூடம். தினமும் ஆறு தடவை அந்த வாசலில் ஊரையே இறக்கி விட்டுவிட்டு, "ரைட் ரைட்" என்று திரும்பி விடுவாள். ஒருநாளாவது உள்ளே எட்டிப் பார்த்தாளா என்றால், ம்ஹூம்.

இத்தனை வருஷம் நின்று நின்று முட்டி தேய்ந்துவிட்டது. பிரேக் போட்டால் பஸ் நிற்கும், அவள் முட்டி நிற்காது. டாக்டர் சொல்லிவிட்டார்: "இனி உட்கார்ந்து பாக்குற வேலையா பாத்துக்கோங்கம்மா." அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டார். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்ன மரத்திலா காய்க்கிறது? ஆனால் அந்த வருஷம் நிஜமாகவே ஒன்று காய்த்தது. டெப்போவில் டைம் கீப்பர் இடம் காலி. சின்ன அறை, ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி. பஸ் வருகிற நேரம் போகிற நேரம் எழுத வேண்டும். விசிலக்காவுக்குத்தான் முதல் உரிமை. ஒரே ஒரு நிபந்தனை, பத்தாவது பாஸ் சர்டிபிகேட் வேண்டும்.

"ஒரு பாடம்தானே, எழுதிடுங்க" என்றார் மேனேஜர். "ஆனா இந்தத் தடவையே எழுதணும். அடுத்த வருஷம் பழைய பாடத்திட்டத்தை எடுத்துடறாங்களாம். அப்புறம் எழுதினா எல்லாப் பாடமும் முதல்லேருந்து எழுதணும்."

அக்கா பழைய கணக்குப் புத்தகத்தை நினைத்துப் பார்த்தாள். கணக்கை மறுபடி எழுதுவதற்கு இந்த முட்டியோடேயே செத்துப் போகலாம்.

வீட்டில் மகளும் அதே வருஷம் பத்தாவது. அம்மாவும் பொண்ணும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து படித்தார்கள். மகள் ஐந்து கலர் பேனா வைத்துக்கொண்டு வரி வரியாகக் கோடு போட்டுப் படிப்பாள். அம்மா அரை மணி நேரம் புத்தகத்தைப் பார்ப்பாள், அப்புறம் புத்தகம் அம்மாவைப் பார்க்கும். மலை அரசு, ஆற்று அரசு, கடலோர அரசு என்று மூன்று ராஜ்யம். ஒவ்வொன்றிலும் அப்பன் பேரே மகனுக்கு, தாத்தா பேரே பேரனுக்கு. அதற்குப் பிறகு கப்பலில் அந்நியர்கள், அப்புறம் வரி, அப்புறம் புரட்சி.

"எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்குதுடீ. எந்த ராஜா எந்த ராஜாவுக்கு அப்பான்னே புரியல."

"அம்மா, நீ பாஸாகலேன்னா பரவாயில்ல. என்னைவிட அதிகமா மட்டும் எடுத்துத் தொலைச்சுடாதே. வகுப்புல தலை காட்ட முடியாது."

"வாய் கொழுப்புடீ உனக்கு!"

வழி பிறந்தது பஸ்ஸில். ஒருநாள் காலை, வண்டி தண்ணீர்த் தொட்டி ஸ்டாப்புக்கு வருகிறது. "தண்ணித் தொட்டி எல்லாம் இறங்கு" என்று கத்த வேண்டியவள், ராத்திரி படித்தது வாயில் நின்றதாலோ என்னவோ, "ஏரி வெட்டின ராஜா எல்லாம் இறங்கு!" என்று கத்திவிட்டாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அப்புறம் பஸ்ஸே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஏரி வெட்டின ராஜா மலை அரசின் மூன்றாவது ராஜா, தண்ணீர்த் தொட்டி மூன்றாவது ஸ்டாப். அட!

அன்று சாயங்காலத்துக்குள் மூன்று ராஜ்யங்களையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். டெப்போவில் மலை அரசு புறப்படும். மார்க்கெட்டில் அதன் வியாபாரம். நாலாவது தீயணைப்பு நிலையம், அங்கே தலைநகரம் பற்றி எரிந்தது. ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் ஆற்று அரசுக்கு. எட்டாவது ரயில்வே கேட்டில் கடலோர அரசு. ஒன்பது ஆஸ்பத்திரி, அந்நியரின் முதல் கப்பல் வந்தது. மாலுமிகளுக்குக் காய்ச்சல், இறங்கிக்கொள்ள அனுமதி கேட்டார்கள். பத்து தையல் கடை முக்கு, துணி வியாபார ஒப்பந்தம். பதினொன்று ஜெராக்ஸ் கடை, ஒப்பந்தத்துக்கு இரண்டு பிரதி. பன்னிரண்டு பூட்டுக் கடை, சரக்கு வைக்க இடம் கேட்டவர்கள் கோட்டை கட்டிப் பூட்டிக்கொண்டார்கள். பதின்மூன்று பொம்மைக் கடை, ராஜா பொம்மையானார். பதினாலு வரி ஆபீஸ், அதைச் சொல்லவே வேண்டாம். பதினைந்து ரொட்டிக் கடை, அங்கே ரொட்டி விலை ஏறி ஆயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பதில் பிரெஞ்சுப் புரட்சி. பதினாறு கல்லூரி, அந்தப் புரட்சியைப் படித்துவிட்டு நம் ஆட்களும் எழுந்த புரட்சி. அத்தோடு புத்தகம் முடிந்தது. பதினேழாவது பள்ளிக்கூட வாசல். அங்கே போட ஒன்றும் மிச்சமில்லை, சும்மா விட்டுவிட்டாள்.

ஒரு மாதத்தில் பஸ்ஸே பாடம் படித்தது. "ஒரு கப்பல் வந்தது குடுங்கக்கா" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் டிக்கெட் வாங்குவாள். "புரட்சிக்கு முன்னாடி இறக்கி விட்டுடுங்க, அப்புறம் நடக்க முடியாது" என்பார் வரி ஆபீஸ்காரர். எல்லோரையும்விட மோசம் டிரைவர். அவர் பேர் அமைதி அண்ணன். வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் அவர் காது சும்மா இல்லை. ஒருநாள் அக்கா ஆற்று அரசின் அப்பனையும் மகனையும் மாற்றிக் கத்திவிட்டாள். முன்னாலிருந்து 'பாம்' என்று ஒரு ஹாரன்! ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. அக்கா புரிந்துகொண்டு திருத்திச் சொன்ன பிறகுதான் கியரே விழுந்தது. அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிப் போனது. ஹாரன் அடித்தால் தப்பு.

மகள் மட்டும் நம்பவில்லை. "சரி, புரட்சிக்கு மூணு காரணம் சொல்லு."

"இருடீ, டெப்போலேருந்து வரேன்."

"என்னது?"

அக்கா கண்ணை மூடி, ஸ்டாப் ஸ்டாப்பாக உருண்டு உருண்டு வந்தாள். காரணம் வந்து சேர்வதற்குள் மகள் ஒரு தோசை சாப்பிட்டு முடித்துவிட்டாள். நடுவில் ஏறத் தெரியாது அக்காவுக்கு, நடுவில் இறங்கவும் தெரியாது. ஆனாலும் வண்டி போய்ச் சேர்ந்தது. மகள் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, நீ பயங்கரம்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை தெரியும்தானே? பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, குழாய் பதிக்கிறோம் என்று ரோட்டைத் தோண்டிப் போட்டார்கள். எங்கே? ரயில்வே கேட்டைத் தாண்டி, சரியாக ஆஸ்பத்திரியிலிருந்து பொம்மைக் கடை வரைக்கும். வேறு இடமே கிடைக்கவில்லையாம் அந்தப் புண்ணியவான்களுக்கு! பஸ் ரயில்வே கேட்டில் திரும்பி, பைபாஸில் ஏறி, நேரே வரி ஆபீஸில் போய் இறங்கியது. ஐந்து ஸ்டாப் அம்பேல். கப்பலும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, கோட்டையும் இல்லை. கடலோர ராஜா ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார், மறு நிமிஷம் யாரோ வரி கேட்கிறார்கள்!

ஆறு நாள் இப்படியே ஓடியது. நாக்கு பழக்கத்துக்கு அடிமை. கடலோர அரசு என்று கத்தினதும் அடுத்தது வரி என்று தானாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மகள் கேட்டுப் பார்த்தாள். அந்நியர் வருகை என்றதும் அக்கா கண்ணை மூடினாள். பைபாஸ் ரோடு, இரண்டு பக்கமும் வெட்டவெளி. வேறொன்றும் வரவில்லை.

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நாளைக்குப் பரீட்சை. மறுபடியும் முப்பத்திரண்டுதான்டீ எனக்கு. என் தலையில எழுதியிருக்கு."

மகள் கலர் பேனாக்களை மூடி வைத்தாள். "பஸ்தானே போகாது. கால் போகும்ல? வா."

முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு அம்மாவும் மகளும் கிளம்பினார்கள். ரயில்வே கேட்டில் ஆரம்பித்து, மண் மேட்டில் ஏறி, பலகை மேல் நடந்து, ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார்கள். நர்ஸ் டூட்டி முடிந்து வெளியே வந்தாள்.

"என்னக்கா, பஸ்ஸை எங்க விட்டுட்டீங்க?"

விஷயத்தைக் கேட்டதும் நர்ஸ் சிரிக்கவில்லை. "காய்ச்சல்காரனை வாசல்ல நிறுத்த முடியுமா? நானா இருந்தாலும் உள்ள விட்டிருப்பேன். கடலோர ராஜாவும் அதைத்தான் செஞ்சாரு. உடம்பு சரியானதும் வந்தவங்க போகாம இருந்தாங்க பாருங்க, அங்கதான் கதை" என்றாள். அக்கா நின்று கேட்டாள். ஓடுகிற பஸ்ஸில் இதையெல்லாம் யார் நின்று கேட்பது?

தையல் கடையில் ஞாயிறும் வேலை. டெய்லர் வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துவிட்டுப் பேசினார்: "மொதல்ல துணி வாங்க வந்தான். அப்புறம் எனக்கு மட்டும்தான் விக்கணும்னான். அப்புறம் விலையையும் நானே சொல்றேன்னான். போன வருஷம் ஒரு மொத்த வியாபாரி எங்கிட்டயும் இதே வேலையைக் காட்டினான்கா. கத்திரியை எடுத்துக் காட்டினேன், ஓடிட்டான். ராஜாகிட்ட கத்திரி இல்ல, பாவம்."

ஜெராக்ஸ்காரர் கடையைத் திறந்தே வைத்திருந்தார். ஒப்பந்தம் இரண்டு பிரதி, இவர்கள் பாஷையில் ஒரு மாதிரி, அவர்கள் பாஷையில் வேறு மாதிரி என்று புத்தகத்தில் இருந்ததை அக்கா சொன்னதும் அவர் கொதித்துவிட்டார். "காப்பின்னா அச்சு அசலா இருக்கணும்! இது மோசடி!" என்று மிஷினையே ஒரு தட்டு தட்டினார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பூட்டுக்கடையும் பொம்மைக்கடையும் பூட்டியிருந்தன. பரவாயில்லை, பூட்டைப் பார்த்ததே போதும் என்றாள் அக்கா. பொம்மைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் கிரீடம் வைத்த ராஜா பொம்மை ஒன்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. எது கேட்டாலும் சரி சரி என்று ஆட்டியது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பாவம்டீ, ஒரு நாள்ல இப்படி ஆகலை இவரு. அஞ்சு ஸ்டாப் நடந்து வந்துதான் ஆகியிருக்காரு" என்றாள். முட்டி விண் விண் என்று தெறித்தது. மனசு மட்டும் பஞ்சாக இருந்தது.

மறுநாள் காலை லீவு போட்டுவிட்டு, தன் பஸ்ஸிலேயே பயணியாக ஏறினாள். பழக்கதோஷம், கழுத்தில் விசில் அப்படியே தொங்கியது. பஸ் வழக்கம்போல ரயில்வே கேட்டில் திரும்பி பைபாஸில் பறந்தது. அக்கா வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூட வாசல் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அக்கா மட்டும் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அமைதி அண்ணன் திரும்பிப் பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக நீளமாகப் பேசினார்: "இறங்குமா. இன்னிக்கு இது உன் ஸ்டாப்பு."

அக்கா இறங்கினாள்.

தனித்தேர்வர்களுக்கான பரீட்சை அறையில் எல்லாம் பெரியவர்கள். ஒரு வாட்ச்மேன், இரண்டு மூன்று குடும்பத் தலைவிகள், கடைசி பெஞ்சில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு மில் தொழிலாளி. கேள்வித்தாள் வந்தது. சின்னக் கேள்விகளையெல்லாம் அக்கா விறுவிறுவென்று ஓட்டினாள். கடைசியில் பெரிய கேள்வி, பதினைந்து மார்க்: 'அந்நியர் வருகை எவ்வாறு கடலோர அரசின் வீழ்ச்சிக்கு வழிவகுத்தது?'

அக்கா கண்ணை மூடி டெப்போவில் ஏறினாள். மார்க்கெட், தண்ணீர்த் தொட்டி, தீயணைப்பு. வண்டி அருமையாகப் போகிறது. ரயில்வே கேட். கடலோர அரசு. அடுத்து... ஐயோ, வண்டி திரும்புகிறது! பைபாஸில் ஏறுகிறது! காலையில் போன அதே வேகம், இரண்டு பக்கமும் வெட்டவெளி, தூரத்தில் வரி ஆபீஸ் தெரிகிறது. நிறுத்து, நிறுத்து, நிறுத்து!

கை தானாகப் போனது. அறை அதிர ஒரு நீள விசில்.

வாட்ச்மேன் பேனாவைக் கீழே போட்டுவிட்டு விறைப்பாக நின்றார். கடைசி பெஞ்ச் மில் தொழிலாளி தூக்கம் கலைந்து, "யோவ், ஆள் இறங்கணும்!" என்று கத்திக்கொண்டே பையைத் தோளில் மாட்டி வாசல் வரைக்கும் போய்விட்டார். கண்காணிப்பாளரான கணக்கு டீச்சர் ஓடி வந்தாள்.

"என்னம்மா இது? பரீட்சை ஹாலா, பஸ் ஸ்டாண்டா?"

"மன்னிச்சுக்கோங்க டீச்சர். வண்டி தப்பான ரோட்ல போயிடுச்சு. நிறுத்தினேன்."

டீச்சருக்குக் கோபமாக இருப்பதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கையை நீட்டி விசிலை வாங்கிக்கொண்டாள். "முடிச்சுட்டுப் போறப்ப வாங்கிக்கோங்க. இன்னொரு சத்தம் வந்தா வெளியே அனுப்பிடுவேன்."

கழுத்தில் விசில் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அக்கா கண்டக்டர் இல்லை. நடுரோட்டில் நிற்கிற ஒரு பொம்பளை, அவ்வளவுதான். சரி, விசில் இல்லாதவள் என்ன செய்வாள்? இறங்கி நடப்பாள்.

பைபாஸிலிருந்து திரும்பி ரயில்வே கேட்டுக்கு நடந்தாள். மண் மேட்டில் ஏறினாள், பலகையைத் தாண்டினாள். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் நின்றிருந்தாள். டெய்லர் வாயிலிருந்து ஊசியை எடுத்தார். ஜெராக்ஸ்காரர் மோசடி என்று மிஷினைத் தட்டினார். பூட்டு தொங்கியது, பொம்மை ராஜா சரி சரி என்று தலையை ஆட்டினார். அக்காவின் பேனா அவர்கள் பின்னாலேயே ஓடியது. இரக்கத்தில் திறந்த கதவு எப்படிப் பூட்டிக்கொண்டது என்று எழுதினாள். கூடுதல் தாள் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். 'ராஜாவிடம் கத்திரி இல்லை' என்று ஒரு வரி எழுதி, அடித்துவிடலாமா என்று யோசித்து, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ரிசல்ட் வந்த அன்று மகள் பேப்பரை மேஜையில் வீசினாள். "நான் அறுபத்தாறு. நீ எழுபத்தொண்ணு. என் மானத்தை வாங்கிட்டியேம்மா!" சொல்லிவிட்டு அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். அக்காவும் குதித்தாள், முட்டியாவது ஒண்ணாவது! அப்புறம் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷம்தான், வேறென்ன. செருப்புக்குள் இருந்த கல் இருபத்தைந்து வருஷம் கழித்து வெளியே விழுந்தால் கொஞ்ச நேரம் கால் கூசத்தானே செய்யும்?

டைம் கீப்பர் நாற்காலியில் முதல் நாள். ஜன்னலுக்கு வெளியே அவளுடைய பழைய பஸ் நிற்கிறது, அமைதி அண்ணன் ஸ்டியரிங்கில் சாய்ந்திருக்கிறார். குழாய் பதித்து முடிந்து ரோடும் திறந்துவிட்டது. புதுக் கண்டக்டர் முதல் டிரிப்பை முடித்துவிட்டு மூச்சு வாங்க வந்தான்.

"அக்கா, என்னக்கா ரூட் இது? ஒரு நர்ஸம்மா 'கப்பல் வந்தது ஒண்ணு'ங்கறாங்க. ஒரு பெரியவர் புரட்சிக்கு முன்னாடி இறக்கி விடுங்கறாரு. எனக்கு ஒரு மண்ணும் விளங்கல!"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு தாளை எடுத்து, டெப்போவிலிருந்து கல்லூரி வரைக்கும் பதினாறு ஸ்டாப்பையும் எழுதிக் கொடுத்தாள். அவன் விரல் வைத்துப் படித்தான்.

"பதினேழாவது எங்கக்கா?"

"பள்ளிக்கூட வாசலா? அங்க ஒண்ணும் கிடையாது தம்பி. புஸ்தகம் பதினாறோட முடிஞ்சுடுச்சு."

வெளியிலிருந்து 'பாம்' என்று ஒரு ஹாரன்.

அக்கா திடுக்கிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. அமைதி அண்ணன் நேராக முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லக்கா" என்று தலையைச் சொறிந்தான் புதுக் கண்டக்டர். "அதுக்கும் பேர் சொல்லித்தான் கேட்டாங்க. டெய்லர், ஜெராக்ஸ்காரர், இன்னும் நாலு பேரு. அது யாருன்னுதான் எனக்குத் தெரியல. 'விசிலக்கா ஜெயிச்சது ஒண்ணு குடுப்பா'ங்கறாங்க."

அக்கா தாளைத் திரும்ப வாங்கினாள். பேனாவைத் திறந்து, பதினேழு என்று போட்டாள். எழுத்து கலங்கித் தெரிந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதி முடித்தாள். ஹாரன் அடிக்கவில்லை. புதுக் கண்டக்டர் தாளை வாங்கிக்கொண்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினான். கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஜன்னல் வழியாக இரண்டு தடவை ஊதினாள், பஸ் புறப்பட்டது.